மூன்றாவது தலையணை

பிப்ரவரி 6

அன்புள்ள கடைக்குட்டித் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று போனில் கேட்டால் கொட்டாவிதான் பதிலாக வருகிறது. அதனால் இனிமேல் கடிதம். நம் கடைப் பார்சல் வண்டி வாரத்துக்கு இரண்டு தடவை உன் ஆஸ்பத்திரி வாசல் வழியாகத்தான் போகிறது. டிரைவரிடம் கொடுத்தால் தபாலைவிடச் சீக்கிரம் வந்துவிடும்.

நீ கேட்ட அறுபது எடைத் தராசுகளும் இந்த வண்டியில் வருகின்றன. ஒவ்வொன்றிலும் எடைக்கல்லை ஏற்றி நானே சரிபார்த்தேன். விலை பேசாமல் நான் சரக்கு அனுப்புவது இதுதான் முதல் தடவை. கை கொஞ்சம் நடுங்கத்தான் செய்தது. ஆனால் ஒன்று. நடைபாதையில் ஒற்றைத் தராசை வைத்துக்கொண்டு "வாங்க, எடை பாருங்க" என்று கூவி ஆரம்பித்தவள் நான். இன்றைக்கு என் தராசில் டாக்டர்கள் ஆராய்ச்சி செய்யப் போகிறார்கள் என்றால், கூவினதற்கு ஒரு மரியாதை கிடைத்த மாதிரி இருக்கிறது.

கடை மாடியில் இருந்த என் மேசையைக் கீழே கல்லாப் பக்கமாக மாற்றிவிட்டேன். வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துப் பேசலாம் பார். உன் ஆராய்ச்சி என்ன ஏது என்று எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

உன் அக்கா

---

பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அத்தானும் நலம்தானே? தராசுகள் ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தன. டிரைவரும் நெட்டையனும் சேர்ந்து மூன்றாம் மாடிக்குத் தூக்கிவந்தார்கள். பொது மருத்துவப் பிரிவில் பயிற்சி டாக்டர்கள் மூன்று பேர் இந்த ஆராய்ச்சியில் இருக்கிறோம். நெட்டையன், கண்ணாடிக்காரி, நான். வார்டு வேலை முடிந்தபிறகு இது.

விஷயம் இதுதான். இதயம் தளர்ந்தவர்களுக்கு உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும். நாங்கள் மருந்து கொடுத்து நீரை வடித்து வீட்டுக்கு அனுப்புவோம். ஒரு மாதத்துக்குள் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வருவார்கள். சிலர் வந்து சேர்வதில்லை. நீர் கோக்கும்போது முதலில் எடை கூடும். வீட்டில் ஒரு தராசு இருந்து, இரண்டு கிலோ கூடியதும் எங்களைக் கூப்பிட்டால், ஒரு மாத்திரையைக் கூட்டியே சரிசெய்துவிடலாம். அப்படி மெய்யாகவே நடக்கிறதா என்றுதான் பார்க்கப்போகிறோம். நூற்றிருபது பேர். அதில் பாதிப் பேருக்குத் தராசு. யாருக்குத் தராசு என்பதை ஒட்டிய உறைக்குள் வைத்திருக்கிறோம். பிரிக்கும்வரை எங்களுக்கே தெரியாது. எல்லோரையும் வாரம் ஒரு முறை போனில் விசாரிப்போம்.

இது சரிவந்தால் வார்டில் இருந்து போகிற ஒவ்வொருவருக்கும் ஒரு தராசு தர நிர்வாகத்திடம் கேட்கலாம். சரிவராவிட்டால் பேராசிரியர் இந்த வருஷத்தோடு மூடிவிடச் சொல்லியிருக்கிறார்.

உன் கை நடுங்கியதற்கு என் நன்றி.

உன் தம்பி

---

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம். பாதிப் பேருக்குத்தான் தராசு என்றால் மீதிப் பேர் என்ன பாவம் செய்தார்கள்? "பந்தியில உக்கார வெச்சிட்டுப் பாதி இலைக்கு மட்டும் சோறு போடுற மாதிரி இருக்கே"ன்னு உன் அத்தானிடம் சொன்னேன். அவர் பேப்பரைவிட்டுத் தலை தூக்காமல், "நீ மட்டும் புது மாடல் தராசை எல்லாக் கடைக்குமா அனுப்புற? நாலு கடைக்கு அனுப்பி ஓடுதான்னு பாத்துட்டுத்தானே மத்தவங்களுக்கு?" என்றார். கல்யாணம் ஆன இத்தனை வருஷத்தில் அவர் சொன்னதில் உருப்படியானது இது ஒன்று. சரி, நடத்து.

ஒரு சமாச்சாரம். செருப்பு வாங்கினேன். வழக்கமாக வாங்குகிற அதே கம்பெனி, அதே அளவு. காலே நுழையவில்லை. அளவைச் சுருக்கி வியாபாரம் பண்ணுகிறான். கடைக்காரனை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டு ஒரு அளவு பெரிதாக வாங்கிவந்தேன். நானும் வியாபாரிதான், ஆனால் அளவில் கை வைக்கிறவனை மட்டும் எனக்குப் பிடிக்காது.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

---

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். நாங்கள் கொடிகட்டிப் பறக்கிறோம். எண்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். வாராவாரம் போன் பண்ணுகிறோம். "நல்லா இருக்கீங்களா?" என்றால் "நல்லா இருக்கேன் டாக்டர்" என்கிறார்கள். ஒருவர் விடாமல்.

இதில் என் மூளையும் கொஞ்சம் இருக்கிறது. விசாரிக்க வேண்டிய கேள்விகள் பதினான்கு. ஒருவரிடம் எல்லாம் கேட்டு முடிக்கக் கால் மணி நேரம் ஆகிறது. வார்டில் நோயாளி காத்திருக்கும்போது எங்கே முடியும்? அதனால் முதல் கேள்விக்கு "நலம்" என்று பதில் வந்தால் மற்றதை எல்லாம் தாண்டி நேராகக் கடைசிக்குப் போகலாம் என்று நான்தான் எழுதினேன். "பொழைக்கத் தெரிஞ்ச ஆளுடா நீ. உங்க அக்கா ரத்தம்" என்றான் நெட்டையன்.

ஒரு பஸ் கண்டக்டர் இருக்கிறார். ஓய்வு பெற்றவர். போனில் என் குரலைக் கேட்டதும், "வாங்க டாக்டர், உள்ள ஏறுங்க, படியில நிக்காதீங்க" என்பார். அவரோடு பேசினால் எனக்கே தெம்பு வருகிறது. உன் தராசைத் தினமும் துடைத்து வைக்கிறாராம்.

உன் தம்பி

---

ஏப்ரல் 19

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நலம் மட்டுமில்லை, நான் நன்றாகத் தேறியும்விட்டேன். நீ அந்தக் கண்டக்டரைப் பற்றி எழுதினாயா, எனக்கும் ஆசை வந்து உனக்கு அனுப்பின அதே ரகத் தராசில் ஏறிப் பார்த்தேன். மூன்று கிலோ கூடியிருக்கிறேன்! எனக்கே நம்பிக்கை இல்லை. எடைக்கல்லை எடுத்துவந்து தராசைச் சோதித்தேன். இம்மி பிசகவில்லை. இரண்டு வேளையும் பாதிச் சாப்பாட்டோடு எழுந்துவிடுகிறேன், ஏனோ இறங்குவதில்லை. அப்படியும் சதை போடுகிறது என்றால் அது மனசு நிறைந்ததால்தான். உன் அத்தானுக்கு ஒரே சந்தோஷம். பக்கத்துக் கடைக்காரியும் "முகம் நல்லா உப்பி, களையா இருக்கீங்க" என்றாள்.

உன் அத்தானின் தலையணையையும் பிடுங்கிக்கொண்டேன். மூன்று வைத்துச் சாய்ந்து படுத்தால்தான் எனக்குத் தூக்கமே வருகிறது. அவர் துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு, "வீட்டுல எனக்கு மிச்சம் இருந்தது அது ஒண்ணுதான்" என்கிறார்.

நீ எத்தனை கிலோ? எனக்கு என்னவோ நீ இளைத்திருப்பாய் என்று படுகிறது.

அக்கா

---

மே 14

தம்பிக்கு,

நலம். வண்டி எத்தனையோ தடவை வந்து போய்விட்டது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. டிரைவரைக் கேட்டால், "தம்பி கீழயே வரலைங்க, வேலையா இருக்காராம்" என்கிறான். என் மேல் கோபமா? அல்லது ஆராய்ச்சியில் ஏதாவது கோளாறா? எதுவானாலும் சொல். நட்டக் கணக்கைக் கேட்டு நான் மயங்கி விழுகிற ஆள் இல்லை.

கை வலிக்கிறது. இத்துடன் முடிக்கிறேன்.

அக்கா

---

மே 17

மதிப்புக்குரிய அத்தானுக்கு,

இந்தக் கடிதத்தை உங்கள் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று டிரைவரிடம் சொல்லியிருக்கிறேன். நேற்று இரண்டு முறை கடைக்குப் போன் செய்தேன். இரண்டு முறையும் அக்காதான் எடுத்தாள். "நல்லா இருக்கேன்டா, கடையில கூட்டம்" என்று சொல்லி வைத்துவிட்டாள். உங்களிடம் கொடுக்கச் சொன்னால் "அவரு எங்க போன் வெச்சிருக்காரு" என்கிறாள்.

எங்கள் கண்டக்டர் போன மாதக் கடைசியில் ஆம்புலன்சில் வந்தார். மூச்சு விட முடியாமல், உதடு நீலமாகி. அதற்கு முந்தின நாள்தான் நான் அவரிடம் போனில் பேசியிருந்தேன். "நலம்" என்றார். நான் மற்ற கேள்விகளைத் தாண்டினேன். தீவிர சிகிச்சையில் இருந்து மீண்ட பிறகு கேட்டேன், ஏன் சொல்லவில்லை என்று. "டாக்டர், நீங்க நல்லா இருக்கீங்களான்னு கேட்டீங்க. பெரிய மனுஷன் அக்கறையா கேக்கும்போது வேற என்னத்தைச் சொல்றது?" என்றார். அவருடைய எடை நான்கு கிலோ கூடியிருந்தது. வீட்டில் எல்லோரும் அவர் தேறிவிட்டார் என்று மகிழ்ந்திருக்கிறார்கள். இரண்டு கிலோ கூடினால் கூப்பிடுங்கள் என்று நாங்கள் சொன்னதை, இரண்டு கிலோ கூடினால் நல்ல செய்தி சொல்லுங்கள் என்று அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

அவரைப் போல இன்னும் ஆறு பேர். அவர்களைப் பார்ப்பதிலேயே நாள் போயிற்று. நேற்றுத்தான் அக்காவின் கடிதங்களை மறுபடி எடுத்து வரிசையாகப் படித்தேன். மாடி மேசை, செருப்பு, பாதிச் சாப்பாடு, மூன்று கிலோ, மூன்று தலையணை. எல்லாம் எழுதியிருக்கிறாள், எல்லாவற்றுக்கும் மேலே "நலம்" என்று எழுதியிருக்கிறாள். நானும் அந்த முதல் வரியோடு தாண்டியிருக்கிறேன்.

அத்தான், அவளைக் கேட்காதீர்கள். நீங்களே பாருங்கள். கணுக்காலில் விரலை அழுத்தினால் குழி விழுகிறதா? எத்தனை தலையணை வைத்தால் மூச்சு முட்டாமல் படுக்கிறாள்? எதுவானாலும் இன்றே அங்குள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். இத்துடன் இருக்கும் சீட்டை அங்கே டாக்டரிடம் கொடுங்கள்.

உங்கள் மைத்துனன்

---

மே 19

அன்பு மாப்பிள்ளைக்கு,

எனக்கு உன் அக்கா மாதிரி எழுத வராது. கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். காலில் குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் அப்படியே இருந்தது. தலையணை மூன்று, ஆனால் ஒரு வாரமாக அதுவும் போதாமல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். "கணக்குப் பாக்குறேன்" என்று என்னிடம் சொன்னாள். நான் நம்பினேன். என் புத்தியை என்ன சொல்ல.

ஆஸ்பத்திரிக்கு வா என்றால் வரமாட்டாள். "பெரிய ஆஸ்பத்திரியில தராசு ஆர்டர் தர்றாங்களாம், முதலாளி நேர்ல வரணுமாம்" என்று சொன்னேன். பத்து நிமிஷத்தில் புடவை மாற்றிக்கொண்டு, மாதிரித் தராசு ஒன்றையும் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். வாசல் படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். அங்கே ஒரு டாக்டரம்மா பார்த்துவிட்டு உடனே படுக்கையில் சேர்த்தார்கள். பிரஷர் மாத்திரையை நிறுத்தி ஒரு வருஷம் ஆகிறதாம். "நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு?" என்று நிறுத்தினாளாம். எனக்கும் சொல்லவில்லை.

ஊசி போட்டார்கள். நீர் பிரிகிறது. நேற்று இரவு படுத்துத் தூங்கினாள். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அதை எழுத மாட்டேன்.

நீ அனுப்பின கடிதத்துக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன் என்று தெரியவில்லை.

அத்தான்

பி.கு. கொண்டுபோன மாதிரித் தராசை வார்டு நர்ஸ் பார்த்துவிட்டு, இது நன்றாக இருக்கிறதே என்று இரண்டு கேட்டிருக்கிறார். என் பொய் மெய்யாகிவிட்டது.

---

ஜூன் 8

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தத் தடவை நலம் விசாரிக்கப்போவதில்லை. எத்தனை தலையணை என்று எழுது, போதும்.

போன மாதம் ஆஸ்பத்திரிக்கு வந்து உன் கட்டில் பக்கத்தில் இருந்தபோது திட்டியதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். நீ தூங்கியபிறகு அழுததை அத்தான் உன்னிடம் சொல்லியிருப்பார்.

இங்கே ஒரு பெரிய காரியம் நடந்தது. நடுவில் கேள்வியை மாற்ற, ஆராய்ச்சிகளைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். நான் போய் நின்று, தாண்டும் வரியை எழுதியவன் நான்தான் என்று சொன்னேன். திட்டு விழும் என்றுதான் போனேன். குழுவின் தலைவி, "என் மாமியாரும் நல்லா இருக்கேன்னுதான் சொல்லிட்டே இருந்தாங்க" என்றார். அனுமதி கிடைத்துவிட்டது. மாற்றத்துக்கு முன், பின் என்று கணக்கைத் தனித்தனியாகக் காட்டவேண்டும் என்பது நிபந்தனை. பேராசிரியரும் வருஷக் கடைசிவரை நடத்தச் சொல்லிவிட்டார்.

இப்போது நாங்கள் "நலமா" என்று கேட்பதே இல்லை. முதல் கேள்வி, இன்று தராசு என்ன சொல்கிறது? தராசு இல்லாதவருக்கு, எத்தனை தலையணை? அடுத்தது, செருப்பு இறுக்குகிறதா? பிறகு, வீட்டில் கூட இருப்பவரிடம் போனைக் கொடுங்கள். செருப்புக் கேள்வி உன் கடிதத்திலிருந்து எடுத்தது. கண்ணாடிக்காரி அதைக் கேட்டுச் சிரித்தாள். முதல் வாரத்திலேயே அந்தக் கேள்வியால் இரண்டு பேரை முன்கூட்டிப் பிடித்துவிட்டோம். அதன்பிறகு சிரிக்கவில்லை.

தம்பி

---

ஜூன் 21

என் தம்பிக்கு,

தலையணை இரண்டு. ஒன்றை உன் அத்தானிடம் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, "எண்ணெய் வாடை" என்றார். மனுஷனுக்கு வாய் கூடிவிட்டது.

எனக்கு அழத் தெரியாது, உனக்கே தெரியும். அதனால் சுற்றிவளைக்காமல் எழுதுகிறேன். எனக்கு உடம்பு சரியில்லை என்பது உள்ளுக்குள் தெரியும். மாடிப்படியைப் பார்த்தாலே பயமாக இருந்தது, அதனால்தான் மேசையைக் கீழே கொண்டுவந்தேன். சொன்னால் நீ வேலையை விட்டுவிட்டு ஓடிவருவாய். கடை ஆட்களும் முதலாளியம்மா இனி எழுந்திருக்க மாட்டாள் என்று பேசுவார்கள். ஒரு ஆளைப் பார்த்ததும் எடை சொல்லிவிடுவேன் என்று மார்தட்டிக்கொண்டு திரிந்தவள். என் காலிலேயே மூன்று கிலோ தண்ணீர் நின்றதைப் பார்க்காமல், சதை போட்டுவிட்டேன் என்று உனக்குக் கடிதம் எழுதினேன். நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

அந்தக் கண்டக்டர் முன்பின் தெரியாதவர். அவர் மூச்சு முட்டி வந்ததால்தான் நீ என் கடிதத்தை மறுபடி படித்தாய். அவர் பட்ட பாட்டில் நான் பிழைத்திருக்கிறேன். இந்த நன்றியை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கு ஒரு புதுத் தராசு அனுப்பலாமா?

இன்னொன்று. என்னையும் உன் நூற்றிருபதில் சேர்த்துக்கொள். பொருத்தமான ஆள் நான்.

அக்கா

---

ஜூலை 5

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னைச் சேர்க்க முடியாது. வேறு ஆஸ்பத்திரி நோயாளி, ஆராய்ச்சி செய்பவனின் அக்கா, தராசு கொடுத்தவள். மூன்றில் ஒன்றே போதும் உன்னை வெளியே நிறுத்த. கண்டக்டருக்கும் தனியாகத் தராசு அனுப்பாதே, அதுவும் கணக்கைக் கெடுக்கும். அவரிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன், பெயர் ஊர் சொல்லாமல். "அப்ப நான் ஒரு டிரிப் சும்மா அடிக்கலை" என்றார்.

தம்பி

---

டிசம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

கணக்கு முடிந்தது. கேள்வியை மாற்றிய பிறகு, தராசு வாங்கிப்போனவர்களில் திரும்பி வந்து படுத்தவர்கள் குறைவு. ஆனால் எண்ணிக்கை சிறியது. அது தராசால் நடந்ததா தற்செயலா என்று அடித்துச் சொல்ல முடியாது. அப்படியேதான் எழுதியிருக்கிறோம். நிர்வாகம் எல்லோருக்கும் தராசு தர இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை, பெரிய ஆராய்ச்சியாக நடத்திக் காட்டச் சொல்கிறார்கள். ஆனால் தாண்டும் வரியால் நேர்ந்ததை ஒளிக்காமல் எழுதியதை எல்லோரும் பேசுகிறார்கள். தலையணைக் கேள்வியை அச்சடித்து வார்டுச் சுவரில் ஒட்டியாயிற்று. பேராசிரியர் மூடச் சொல்லவில்லை, அடுத்த வருஷத்துக்குப் புதிதாக இருவரைச் சேர்த்திருக்கிறார்.

கட்டுரையின் கடைசியில் நன்றி என்று ஒரு பகுதி உண்டு. அதில் உள்ளதை அப்படியே எழுதுகிறேன்: "எடைத் தராசுகளை ஒரு வியாபாரி நன்கொடையாக அளித்தார். ஆராய்ச்சியின் திட்டத்திலோ முடிவிலோ அவருக்கு எந்தப் பங்கும் இல்லை." விதிப்படி அப்படித்தான் எழுதவேண்டும். எழுதும்போது எனக்குக் கை ஓடவில்லை. அது எவ்வளவு பெரிய பொய் என்று உனக்கும் எனக்கும் அத்தானுக்கும் தெரியும்.

தம்பி

---

டிசம்பர் 20

என் தம்பிக்கு,

தலையணை ஒன்று. செருப்பு பழைய அளவு. பெரிய செருப்பை உன் அத்தான் போட்டுக்கொண்டு திரிகிறார். இன்று காலைத் தராசு அறுபத்து ஒன்று, நேற்றும் அதே. மேசையை மறுபடி மாடிக்கு ஏற்றியாயிற்று. நடுவில் ஒரு முறை நின்றேன். மறைக்கவில்லை, எழுதிவிட்டேன்.

எனக்கு எந்தப் பங்கும் இல்லை என்று அச்சடித்ததைப் படித்தேன். அது ஒன்றும் பொய் இல்லை, சரியாகத்தான் எழுதியிருக்கிறாய். என் தராசு எடையைத்தான் சொன்னது. அது சதையா தண்ணீரா என்று கேட்டவர்கள் நீங்கள் மூன்று பேர். அடித்துச் சொல்ல முடியாது என்று எழுதினீர்களே, அந்த வரியைத்தான் நான் இரண்டு தடவை படித்தேன். என் தொழிலில் அப்படி எழுதுகிற ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. பெரிய ஆராய்ச்சிக்கு எத்தனை தராசு வேண்டும் என்று சொல். இந்தத் தடவை கை நடுங்காது.

நெட்டையனுக்கும் கண்ணாடிக்காரிக்கும் என் நன்றி. கண்டக்டருக்கு எப்படிச் சொல்லவேண்டுமோ அப்படிச் சொல்லு. உள்ளே ஏறிவிட்டேன், படியில் நிற்கவில்லை என்று சொல்லு, புரிந்துகொள்வார்.

இப்போது உன் முறை. கடைசியாக உட்கார்ந்து சாப்பிட்டது எப்போது? இடுப்பு பெல்ட்டில் எத்தனையாவது துளை? டிரைவர், நீ புதிதாக ஒரு துளை போட்டிருக்கிறாய் என்றான். பதிலை நெட்டையன் கையால் எழுதி வாங்கி அனுப்பு. நலம் என்று ஆரம்பித்தால் பிரிக்காமலே திருப்பி அனுப்புவேன்.

உன் அக்கா